நீலக்கோட்டுப் பாதையில் ஒரு தற்செயல்

இலண்டனில் இருக்கும் எங்கள் ஈழத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறோம் என்று எவரும் நேரே சொல்வதில்லை. ஆர்ச்வே முருகன் கோயிலில் பூசை முடிந்து, செருப்புத் தேடும் இடத்தில் இரண்டு குடும்பங்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் நடிப்பார்கள். பெண்ணும் நடிக்க வேண்டும். பிடிக்காமல் போனால் யாரும் யாரையும் மறுத்ததாக ஆகாது, ஏனென்றால் யாரும் யாரையும் பார்க்க வரவேயில்லை. சில நாள் கழித்து, சாதகம் பொருந்தவில்லை என்று ஒரு தொலைபேசி வரும். அத்துடன் சரி.

இதை நாகரிகமான ஏற்பாடு என்று புகழ்பவர்கள் உண்டு. அவர்கள் அந்தச் செருப்புகளுக்கு நடுவே நின்று பார்க்கப்பட்டவர்கள் அல்லர். நான் பல தடவை நின்றிருக்கிறேன். மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, காலையிலேயே என் கட்டிலில் ஒரு சேலையை எடுத்து வைத்தால் அன்றைக்குத் தற்செயல் ஒன்று நடக்கப்போகிறது என்று அர்த்தம். நாளடைவில் அது எனக்குப் பிடிபட்டுவிட்டது. சேலையைக் கண்டதும் தலையிடி என்று படுத்துவிடுவேன். அதனால் அவர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

2009இல் எனக்கு நாற்பத்துமூன்று வயது. கிழக்கு இலண்டனில், இல்ஃபோர்டில் அண்ணை வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தேன். வாடகை கொடுத்துத்தான் இருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வேலை ஓர் ஆய்வுகூடத்தில். பரிசோதனைக்கு இரத்தம் எடுத்து அனுப்பும் சிறு குப்பியில் ஒட்டியிருக்கும் பெயரும் அதனுடன் வரும் தாளிலுள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். ஓர் எழுத்து வேறாக இருந்தாலும் திருப்பி அனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலில் நடைச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எப்பிங் காட்டில் தனியே நடப்பேன். வீட்டில் அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்போது மச்சாள் என் காதில் விழும்படி சொல்வார்:

"நாங்கள் காடு மேடெல்லாம் ஓடித்தான் இஞ்ச வந்து சேந்தனாங்கள். உவ காசு குடுத்துச் சப்பாத்து வாங்கித் திரும்பவும் காட்டுக்குப் போறா."

வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் மாடிக்குப் போய்விடுவேன்.

அந்த வருடம் இளவேனில் முழுக்க நாங்களும் மற்றவர்களைப்போல, ஊரில் போரை நிறுத்தச் சொல்லி, வெஸ்ட்மின்ஸ்டரில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். மே மாதத்தில் எல்லாம் முடிந்த பிறகு நிற்பதற்கும் ஒன்றும் இருக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது அண்ணை, எல்லோருக்கும் மனம் விட்டுப்போய்க் கிடக்கிறது, எங்காவது போய்க் காற்று வாங்கி வருவோம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, எங்கே போகலாம் என்று கேட்டார். அந்த வீட்டில் என்னிடம் எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் இருக்கவில்லை. நான் கொஞ்சமும் யோசிக்காமல், பிரான்சில் ஃபொந்தேன்புளோ காடு என்றேன்.

பாரிஸுக்குத் தெற்கே உள்ள பழைய காடு அது. ஒரு காலத்தில் ராசாக்கள் வேட்டையாடிய இடம். பிறகு ஓவியர்கள் வந்து இருந்து வரைந்த இடம். நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக, நடப்பவர்களுக்கென்று அங்கே பாதைகள் இருக்கின்றன. முதலில் அவற்றை வெட்டியவர் ஒரு பழைய படைவீரர் என்று நூலகப் புத்தகமொன்றில் வாசித்திருந்தேன். அவர் மரங்களிலும் பாறைகளிலும் நீலநிறத்தில் சிறு கோடுகள் தீட்டி வைத்தாராம். இன்றைக்கும் அந்த நீலக்கோடுகள்தான் வழி. நேரே போனால் சீக்கிரம் முடிந்துவிடும் இடத்தில்கூட அந்தப் பாதைகள் வளைந்து, பாறைகளின் இடுக்கில் நுழைந்து, ஏறி, திரும்ப இறங்கி, மணிக்கணக்காக நடக்க வைக்கும். பார்க்கவேண்டிய பாறைகளில் ஓர் எழுத்துப் போட்டிருக்கும்.

மூன்று கிழமை, இருபத்தொரு இரவும், அந்தக் காட்டின் வரைபடத்தோடு இருந்தேன். மச்சாளின் முழங்காலுக்கு ஏலாத ஏற்றங்களை விலக்கினேன். மதியம் எங்கே இருந்து சாப்பிடுவது, எத்தனை மணிக்கு அங்கே போய்ச் சேர்வோம் என்று அண்ணை இரண்டு தடவை கேட்டார். பைன் மரங்களுக்கு நடுவே தட்டையான பாறை ஒன்று இருப்பதையும், கார்த் தரிப்பிடத்திலிருந்து அதற்குப் போகும் குறுக்குவழியையும் காட்டினேன். அக்கறையாகக் கேட்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செப்டம்பரில் அண்ணையின் வான் வண்டியில் புறப்பட்டு, கப்பலேறி, பாரிஸில் மச்சாளின் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை காட்டுக்குப் போனோம். கட்டிலில் சேலை எதுவும் வைக்கப்படவில்லை. நான் காற்சட்டையும் நடைச் சப்பாத்தும் போட்டிருந்தேன். மச்சாள் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பாதை நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. கடற்கரை மணலைப்போல வெள்ளை மணல். அதிலிருந்து யானை முதுகுபோலப் பாறைகள். ஊதாப் பூப் பூத்த புதர்கள். ஒரு நீலக்கோட்டிலிருந்து அடுத்ததைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு பிள்ளையின் சந்தோஷம் வந்தது. பாறை ஏறும் இளவட்டப் பெடியள் சிலர் முதுகில் தடித்த மெத்தைகளைச் சுமந்துகொண்டு எங்களைக் கடந்து போனார்கள். விழுந்தால் அடிபடாமல் இருக்க அவை. "உவை என்ன, காட்டுக்குள்ள படுக்கவே போகினம்?" என்றார் மச்சாள். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அண்ணை மட்டும் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி வந்தார்.

தட்டைப் பாறைக்கு வந்தோம். அதன்மேல் பாய் விரித்து, அரக்குநிறப் பட்டுச்சேலை கட்டி, கழுத்து நிறைய நகையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கோட் போட்டு நின்றார். மினுக்கிய கறுப்புச் சப்பாத்து கணுக்கால்வரை மணலில் புதைந்திருந்தது. மெத்தைப் பெடியள் எதிர்ப் பாறையில் இருந்து அவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"அட, நீங்களே?" என்றார் அண்ணை. "என்ன புதினம் பாருங்கோ. இஞ்ச வந்து சந்திக்கிறம்."

கோயிலில் என்றால் அந்த வசனத்தை ஒருவாறு நம்பலாம். அங்கே எல்லோரும் போவார்கள். வேற்று நாட்டுக் காட்டில், பைன் மரங்களுக்கு நடுவே, பட்டுச்சேலையோடு தற்செயல் என்றால் யார் நம்புவது? ஆனாலும் அவர்கள் நாலுபேரும் ஒருவரையொருவர் பார்த்து வியந்துகொண்டே நின்றார்கள். அந்த வியப்பு முடியவே இல்லை. இலண்டனில் எல்லோருக்கும் மனம் விட்டுப்போய்க் கிடக்கிறது என்று அண்ணை சொன்னதுதான் எனக்குள் ஓடியது. அந்த வருடத்தில், அந்தத் துக்கத்தை எடுத்து, இதற்குப் பாவித்திருந்தார்.

அந்த அம்மா, கோட் போட்டு நின்றவருடைய தமக்கை. மனிதர் மனைவியை இழந்தவர், பாரிஸில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குச் சொல்வதுபோல இல்லாமல் காற்றில் சொல்லப்பட்டன. தமக்கை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு மச்சாளிடம், பிள்ளை வெயிலில் திரிந்து கொஞ்சம் கறுத்துவிட்டா, அது போய்விடும் என்றார். மச்சாள் ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வடையை எடுத்து வைத்தார். பிறகு, எனக்கு நடக்கப் பிடிக்கும்தானே, தம்பியோடு ஒரு கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று.

நடந்தேன். நீலக்கோடு பாறைகளுக்குள் நுழைந்து ஏறியது. நான் வேண்டுமென்றே வேகமாக ஏறினேன். அவர் சறுக்கிச் சறுக்கிப் பின்னால் வந்தார். மேலே வந்ததும் மூச்சு வாங்கியபடி, நல்ல இடம்தான், ஆனால் சந்திக்கிறதென்றால் கோயில்தான் சுகம் என்றார். பிறகு, கலியாணத்துக்குப் பிறகு இப்படித் தனியே நடந்து திரிவது சரிவராது, அங்கே எங்கட ஆக்கள் கதைப்பார்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடை திறக்கும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு கலியாணமும் இல்லை என்றேன்.

அவர் நின்றார். "அப்ப ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"ஆர் கூப்பிட்டது?"

"நீங்கள்தான் இடமும் நேரமும் சொல்லி விட்டதெண்டு உங்கட அண்ணை சொன்னவர். பொம்பிளையே கேக்கிறா எண்டபடியால்தான் நான் வந்தனான். இல்லாட்டி எனக்கு இஞ்ச என்ன வேலை?"

அப்போதுதான் முழுவதும் விளங்கியது. நான் மூன்று கிழமை இருந்து தேடிய பாதையும், முழங்காலுக்குப் பார்த்த ஏற்றமும், தட்டைப் பாறையும் என்னுடைய சம்மதமாக ஆக்கப்பட்டிருந்தன. இனி நான் பேசாமல் இருந்தால் சாதகம் பொருந்தவில்லை என்று முடிக்கவும் முடியாது. நானே ஆள்விட்டுக் கேட்டவள். ஒன்றில் கட்ட வேண்டும், அல்லது ஒரு மனிதரைக் காட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்தியவள் என்று இருக்க வேண்டும். அந்த மனிதரிடமும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவரையும் ஏமாற்றியிருந்தார்கள்தான். ஆனால் அவர் அதற்கு என்னைத்தான் முறைத்தார்.

திரும்பி இறங்கினேன். பாறையில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாததை நின்றபடியே சொன்னேன்.

"நான் இவரைக் கூப்பிடேல்லை. இவர் வாறது எனக்குத் தெரியாது. எனக்கு விருப்பமும் இல்லை."

தமக்கை கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். அண்ணை சிரிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு வெக்கம் என்றார். எனக்கு வெக்கம் இல்லை, நீங்கள் சொன்னது பொய் என்றேன். அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. "என்ர முகத்தில கரி பூசிப்போட்டாய்" என்றார், மெதுவாக. மச்சாள், "நீர் படிச்ச படிப்புக்கு உமக்கு ஆக்களோட கதைக்கத் தெரியாது" என்றார். பைக்குள் கடவுச்சீட்டு இருந்தது. அவர்களை அங்கேயே விட்டுவிட்டு மிச்சப் பாதையை நடந்து முடித்தேன். பாறைகளில் என்ன எழுத்துகள் இருந்தன என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை. கோடுகளை மட்டும் பார்த்து நடந்தேன். நகரத்து நிலையத்தில் ரயிலேறி, பாரிஸில் மாறி, இலண்டன் வந்து சேர்ந்தேன்.

அவர்கள் மறுநாள் வந்தார்கள். அண்ணை கோட்டைக் கழற்றாமலே பாரிஸுக்குத் தொலைபேசி எடுத்து என்னிடம் நீட்டினார். மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாமாம். நான்தான் கூப்பிட்டேன், பயத்தில் மாறிச் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னால் போதுமாம்.

"சொல்லு. சொன்னால் இந்த வீட்டில இரு. இல்லையெண்டால் நீ பாத்துக்கொள்."

வாங்கிக் காதில் வைத்தேன். மறுமுனையில் தமக்கை நல்ல குரலில், பரவாயில்லை பிள்ளை, தம்பி அதை மனதில் வைக்கவில்லை என்றார். நான் அன்றைக்குச் சொன்ன மூன்று வசனங்களையும் அதே ஒழுங்கில் இன்னொரு தடவை சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை. அண்ணை தொலைபேசியைப் பறித்து வைத்தார்.

மாத முடிவில் அப்டன் பார்க் பகுதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே அறை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணை பெட்டி தூக்க வரவில்லை. நானும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் சொன்னது பிறகு என் காதுக்கு வந்தது: தங்கச்சி பாரிஸிலிருந்து ஒரு மாப்பிள்ளையைத் தானே கூப்பிட்டு, நேரில் கண்டதும் பிடிக்காமல் துரத்திவிட்டா என்று. இன்றைக்கும் கோயிலில் அப்படித்தான் கதைக்கிறார்கள். யாராவது அதை என் முகத்துக்கு நேரே சொன்னால், பூசை நடந்துகொண்டிருந்தாலும், நான் அவர்களை நிறுத்தித் திருத்துகிறேன்.