பின் சீட்டு அம்மா

என் வீட்டுக்காரர் பழைய வெள்ளை அம்பாசடர் ஒன்றை வாங்கினார். அதைத் துடைத்துத் துடைத்தே பாதி ஆளாகிவிட்டார். அவருடைய செல்போன் முழுக்க அந்தக் கார்தான். முன்பக்கம், பின்பக்கம், சக்கரம், சக்கரத்தின் மூடி. என் படம் பேருக்கு ஒன்றுகூட இல்லை. ஆசையாகக் கார் பக்கத்தில் போய் நின்றால், "கொஞ்சம் தள்ளி நில்லு, நிழல் விழுது" என்பார். ஒரு காரைப் பார்த்துப் பொறாமைப்படுவது கேவலம்தான். ஆனாலும் பட்டேன்.

மாசி மாதம் ஒரு நாள் ராமநாதபுரத்திலிருந்து திருப்புல்லாணிக்குக் கிளம்பினோம். பெருமாள் ஒரு சாக்கு. பயணம் காரைப் படம் பிடிக்கத்தான். முன் சீட்டில் கேமராப் பையும் ஸ்டாண்டும் சட்டமாக உட்கார்ந்துகொண்டன. எனக்குப் பின் சீட்டு. அந்தப் பின் கதவோ உள்ளிருந்து திறக்காது. யாராவது வெளியே நின்று திறந்துவிட வேண்டும். அதுவும் ஒரு அழகு என்பார்.

கிளைச் சாலை ஒன்றில் திரும்பியதும் வண்டியை நிறுத்திவிட்டார். பாதிச் சாலைக்குக் குண்டு மிளகாய் காயப் போட்டிருந்தது. அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளைக் கார். அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் நிச்சயதார்த்தத்தன்றுகூட அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை.

கேமராவோடு இறங்கினார். மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் காரைப் பார்த்தார்கள், கேமராவைப் பார்த்தார்கள். சட்டென்று சாக்கை விரித்து அள்ள ஆரம்பித்தார்கள்.

"போட்டோ எடுத்துறாதீகய்யா. இந்தா, அள்ளிர்றோம்" என்றார் அவர்களில் மூத்தவர்.

"அள்ள வேணாம்மா, அப்படியே கெடக்கட்டும். எனக்கு மிளகாயோடதான் போட்டோ வேணும்."

தீர்ந்தது. அப்படிப்பட்ட வெள்ளைக் காரில் வருகிறவர் அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும். ரோட்டை அடைத்ததற்குச் சாட்சியாகப் படம் பிடிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார்கள். இவர் கெஞ்சக் கெஞ்ச அவர்கள் இன்னும் வேகமாக அள்ளினார்கள். சிவப்பு குறைந்துகொண்டே வந்தது. அவர் முகத்தின் களையும்தான்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, பாவமாகவும் இருந்தது. "ஏங்க, கதவைத் திறங்க" என்றேன். ஓடிவந்து திறந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஓடிவந்து கதவைத் திறக்கிறார். பின் சீட்டிலிருந்து பட்டுப் புடவை இறங்குகிறது. மூன்று பேரும் அவரை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. ஒங்க டிரைவரு அள்ளாதங்குறாரு."

"நான் ஆபீசர் இல்லம்மா."

"எல்லாரும் அப்படித்தேன் சொல்லிக்கிட்டு வாரீக."

"சத்தியமா இல்ல. கோயிலுக்குப் போறோம். மிளகாயை எடுக்க வேணாம், நல்லாக் காயட்டும்."

நம்பினார்களோ இல்லையோ, சாக்கைக் கவிழ்த்து மறுபடி பரப்பினார்கள். அவர் தரையோடு தரையாகக் குனிந்து கேமராவைச் சரிசெய்தார். அதற்குள் மூத்தவர் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பானட் பக்கத்தில் நிறுத்தினார். "அம்மா நில்லுங்க. வெறுங்காரைப் பிடிச்சு என்ன பண்ண?"

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். முந்தானையைச் சரிசெய்வதுபோல நகரத் தயாரானேன்.

"கொஞ்சம் தள்ளி..." என்று ஆரம்பித்தார்.

மூத்தவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மாவையே தள்ளி நிக்கச் சொல்றியாக்கும்? எடுப்பா."

டிரைவர் எடுத்தார்.