அவளுக்கு நான் வைத்த விரதம்

போன தை மாதம் என் மனைவியின் தம்பி மகளுக்குத் தாடிக்கொம்பில் கல்யாணம். புதன்கிழமை முகூர்த்தம். நாங்கள் திங்கட்கிழமையே திருச்சியிலிருந்து புறப்பட்டு வந்து பக்கத்திலுள்ள திண்டுக்கல்லில் அறை எடுத்துத் தங்கினோம். "வீடு இருக்கும்போது லாட்ஜ் எதுக்கு மச்சான்?" என்று மைத்துனன் போனில் வருத்தப்பட்டான். அக்காவுக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாமல் முடியாது என்றேன். அவன் வீட்டில் அது இருக்கிறது, போன வருஷம்தான் கட்டினான் என்பதை நான் மறந்தவன்போல் பேசினேன். அவனும் மேற்கொண்டு கேட்கவில்லை.

உண்மைக் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவிக்கு வலது கை வராது. இடது கையால்தான் சாப்பிடுவாள். கல்யாண வீட்டில் இரண்டு நாளும் மூன்று வேளையும் சொந்தக்காரர்கள் நடுவே அவள் அப்படிச் சாப்பிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைத்தேன். லாட்ஜ் என்றால் அறைக்குச் சாப்பாடு வரவழைக்கலாம். கல்யாணத்தன்று தாலி கட்டியதும் களைப்பு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் பாடம் நடத்தியவன் யோசித்து வைத்திருந்த திட்டம் இது.

பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு தெருவில் இருந்தது அந்த இடம். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே நாலைந்து அறைகள். ஒரு முஸ்லிம் தம்பதி நடத்துகிறார்கள். கணவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சமையலும் அறைகளும் அந்த அம்மாவின் பொறுப்பு. ஐம்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, கையில் எப்போதும் ஒரு சாவிக் கொத்து. படிக்கட்டு செங்குத்தாக இருந்தது. என் மனைவி கைப்பிடியை இடது கையால் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினாள். "டாய்லெட்டுக்குப் பயந்து மலை ஏற வச்சிட்டீங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அறையில் மல்லிகைப்பூவும் பவுடருமாக அவள் தயாரானாள். இவ்வளவு அலங்காரம் எதற்கு என்றேன்.

"கீழ போய்ச் சாப்பிடத்தான். வாசல்லயே பிரியாணி வாசம் வருதே, மோந்தீகளா? பத்தியச் சோறு தின்னு தின்னு நாக்கு செத்துக் கெடக்கு. எங்க ஊருக்கு வந்தும் பார்சலா?"

திண்டுக்கல் மண்ணை மிதித்தால் அவள் பேச்சு மாறிவிடும். நான் மறுப்புச் சொல்லுமுன் படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.

மத்தியானக் கூட்டம். எங்களுக்கு நடுக்கூடத்தில் ஒரு மேசை கிடைத்தது. சுற்றிலும் காய்கறி வியாபாரிகள், ஒரு பெரிய குடும்பம், அலுவலக ஆட்கள். அந்த அம்மா இரண்டு இலைகளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் விரித்தார். என் மனைவி இடது கையை மேலே எடுத்து வைத்தாள். பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் அந்தக் கையைப் பார்த்தாள். ஒருவேளை வளையலைப் பார்த்திருக்கலாம்.

"ஒரு இலை போதும்மா" என்றேன். "இவளுக்கு இன்னைக்கு விரதம்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"விரதமா?" அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "திங்கக்கெழமையில வைப்பாகளே, அதுவா?"

"ஆமா. சோமவாரம்."

"நானும் இன்னைக்கு நோன்புதாங்க்கா! திங்களும் வியாழனும் வைப்பேன். வீட்ல யாருக்கும் தோது இல்ல, நான் ஒருத்திதான். இன்னைக்குத் தொணைக்கு ஆள் வந்துருச்சு." இரண்டாவது இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். "எங்களுக்குத் தண்ணி பல்லுல படக் கூடாது. ஒங்கள்ல பாலும் பழமும் உண்டுல்ல? மேல கொடுத்து விடுறேன்."

என் மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கையை மடியில் இறக்கிக்கொண்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் நாலு பேர் நடுவில் பொய்யனாகியிருப்பேன்.

எனக்குப் பிரியாணி வந்தது. அவள் எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாருக்கா?"

"ம்."

"தால்ச்சா இன்னொரு தடவ கேளுங்க. கூச்சப்படாதீங்க."

கேட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அறைக்கு வந்ததும், வெளியே போய் ஏதாவது வாங்கி வருகிறேன் என்றேன். அவளுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போட வேண்டும். "விரதத்துல பார்சல் திங்கலாமா?" என்றாள். மேலே வந்த பாலையும் இரண்டு பழத்தையும் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். நான் மறுபடி கேட்டபோது கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னாள்: "நீங்க ஆரம்பிச்சு வச்ச விரதம். நீங்களே அந்த அம்மாட்ட போய் முடிச்சு வைங்க. அது வரைக்கும் நான் சோத்துல கை வைக்க மாட்டேன். எந்தக் கையையும்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அவள் கோபத்தில் சொன்னதை மாற்றிக்கொண்டதுண்டு. நிதானமாகச் சொன்னதை மாற்றிக்கொண்டதில்லை. புதன்கிழமையும் இதே பேச்சுத்தான் என்று புரிந்தது. தம்பி மகள் கல்யாணத்தில் அவள் பட்டினியாக உட்கார்ந்திருப்பாள். மூன்று முறை படியில் இறங்கினேன். ஒரு முறை கல்லாவில் கணவர் இருந்தார். ஒரு முறை அந்த அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை யாருமே தடையில்லை, நான்தான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் அந்த அம்மாவே மேலே வந்தார். "அக்கா, வாங்க. சேந்து நோன்பு தொறப்போம்" என்று என் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். நான் பின்னால் போனேன்.

கடையில் கூட்டம் இல்லை. ஓரத்தில் ஒரு வியாபாரி மட்டும் டீயோடு உட்கார்ந்திருந்தார். மூலை மேசையில் பேரீச்சம்பழம், பருப்பு வடை, மூடி போட்ட ஒரு புதுப் பாத்திரம்.

"நோன்புக் கஞ்சிக்கா. எங்களுக்குக் கறி போட்டுத்தான் வைப்போம். ஒங்களுக்குன்னு கறி இல்லாம, பாசிப்பருப்பும் தேங்காப்பாலும் ஊத்தித் தனியா வச்சேன். சட்டி புதுசு. சந்தேகப்படாமக் குடிக்கலாம்."

என் மனைவி அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாங்கு சொல்ல இன்னும் செத்த நேரம் இருக்கு" என்றார் அந்த அம்மா. "பசிக்குதாக்கா? நிய்யத்து வச்சிட்டா எனக்குப் பசி தெரியிறதில்ல."

"எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. நிய்யத்துன்னா என்னம்மா?"

"இன்னைக்கு நான் நோன்பு புடிக்கிறேன்னு மனசுல நெனச்சுக்கிறது. அது இல்லாமக் கெடந்தா நோன்பு ஆகாது. வெறும் பட்டினிதான்."

"அப்ப நான் கெடந்தது பட்டினிதான்" என்றாள் என் மனைவி. "நிய்யத்து வச்சது இவரு."

அந்த அம்மா சிரித்தார். "வீட்டுக்காரரு நேந்துக்கிட்டாரா?"

"அத அவரே சொல்லட்டும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த சொற்களில் கௌரவமான ஒன்றைத் தேடினேன். அந்தப் புதுப் பாத்திரத்தை எதிரில் வைத்துக்கொண்டு அப்படி எதுவும் அகப்படவில்லை.

"விரதமெல்லாம் இல்லைம்மா. நான் பொய் சொன்னேன்."

"எதுக்கு சார்?"

"இவளுக்கு வலது கை வராது. இடது கையால சாப்பிடுவா. நாலு பேர் பார்ப்பாங்கன்னு எனக்கு வெட்கமா இருந்துச்சு."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை. அவளுக்கு நோய் வந்த மூன்றாம் மாதம் திருச்சியில் ஒரு விருந்தில், "அந்தப் பாட்டி பீச்சாங்கையால திங்குது" என்று ஒரு குழந்தை சத்தமாகச் சொன்னது. பந்தியே திரும்பிப் பார்த்தது. அப்போது அவளுக்குப் பேச்சும் குழறும். பதில் சொல்லப் பார்த்தாள், வரவில்லை. நான் அவளை எழுப்பிக் கூட்டி வந்தேன். அன்றிலிருந்து எந்தப் பந்தியிலும் அவளை உட்காரவிட்டதில்லை. வயிறு சரியில்லை, பத்தியம், வீட்டிலேயே சாப்பிட்டு வந்தோம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று சொன்னேன். அவள் மனம் நோகாமல் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"அக்காவுக்குச் சுகர் இருக்கா?" என்றார் அந்த அம்மா.

"இருக்கு."

"ஏண்ணே!" 'சார்' என்ற விளி போய்விட்டது. "சுகர் இருக்குற மனுசியப் பட்டினி போட்டுட்டு, கண்ணு முன்னாடியே பிரியாணி தின்னீகளே! அதுலயும் தால்ச்சா ரெண்டாந்தடவ! நான் வேற, பாவம் புண்ணியவதின்னு பச்சத் தண்ணி குடிக்காம இம்புட்டுத் தேங்காயத் துருவி…"

"நோன்பு தொறக்குற நேரம், கோவப்படாதே" என்றார் கல்லாவிலிருந்து கணவர்.

"நீங்க கல்லாவப் பாருங்க. ஆம்பளைக்கு ஆம்பள ஒத்து ஊதாதீங்க."

அப்போது பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அந்த அம்மா அப்படியே அடங்கினார். வாய்க்குள் ஏதோ சொல்லிப் பேரீச்சம்பழத்தைக் கடித்தார். தண்ணீர் குடித்தார். கஞ்சியைக் கோப்பையில் ஊற்றி என் மனைவி பக்கம் நகர்த்தினார். என் பக்கம் எதையும் நகர்த்தவில்லை.

என் மனைவி கோப்பையை இடது கையால் எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். "நல்லாருக்கும்மா. ஆனா இது பத்தாது. மத்தியானப் பிரியாணி மிச்சம் இருக்கா?"

"ஒங்களுக்கு இல்லாமயாக்கா!"

இலை வந்தது. அவள் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். கறியைக் கட்டைவிரலால் அழுத்தி எலும்பிலிருந்து தனியே பிரித்தாள். சோற்றைச் சிறு உருண்டையாக்கி வாய்க்குக் கொண்டு போனாள். இரண்டொரு பருக்கைதான் சிந்தியது. எவ்வளவு பழகியிருக்கிறாள்! வீட்டில்கூட அவள் சாப்பிடும் நேரத்தில் நான் பேப்பரைப் பிரித்துக்கொள்வேன். ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வியாபாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனில் யாரிடமோ முருங்கைக்காய் விலையைப் பற்றிச் சண்டை போடத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை மூன்று வேளையும் கீழேதான் சாப்பிட்டோம். அந்த அம்மா அவளிடம் வாய் ஓயாமல் பேசினார். என்னிடம் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை காலை அறையைக் காலி செய்தபோது, என் மனைவியின் தோளைத் தொட்டு, "திரும்பி வாங்கக்கா" என்றார். நான் சாவியைக் கொடுத்தேன். வாங்கிக் கொத்தில் மாட்டிக்கொண்டார்.

தாடிக்கொம்பு மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும், அவள் என்னைக் கேட்காமலே சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தாள். முதல் பந்தியில் நடு வரிசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சோறும் சாம்பாரும் விழுந்தன. அவள் பிசைந்தாள். எதிர் வரிசையில் அவளுடைய பெரியப்பா மருமகள் இருந்தாள்.

"ஏத்தா, என்னா பீச்சாங்கையிலயா திங்கிற?" என்றாள் அவள், கூடத்துக்கே கேட்கும்படி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வலது கை ரிட்டயர்டு ஆயிருச்சு மதினி" என்றாள் என் மனைவி. "அம்பது வருசம் இவருக்குப் பொங்கிப் போட்ட கையில்ல? இப்ப இதுதான் டூட்டி பாக்குது."

வரிசை முழுவதும் சிரித்தது. மதினிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு, "யப்பா, இந்த எலைக்கு அப்பளம் வைப்பா" என்று பரிமாறுகிற ஆளைக் கூப்பிட்டாள். பேச்சு மாப்பிள்ளை வீட்டுச் சீருக்கு மாறியது. இரண்டு ஆண்டுகளாக நான் பயந்துகொண்டிருந்தது, சாம்பார் வாளி அடுத்த இலைக்கு நகர்வதற்குள் முடிந்துபோனது.

அந்தப் பதில் அந்த நிமிஷத்தில் தோன்றியதல்ல. அவ்வளவு தயக்கமில்லாமல் வந்தது. எத்தனையோ நாள் அவள் அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு பந்திதான் அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது.