மட்டமும் வாட்டமும்

வேனை நிறுத்திய கையோடு மேஸ்திரி செய்கிற முதல் காரியம், சமையல் மேடைமேல் ரசமட்டத்தை வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொள்வதுதான். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கிற குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நிற்கவேண்டும். நிற்காது. எந்த மண்ணும் அவருக்காகச் சமமாகப் படுத்துக்கொண்டதில்லை. "பின்னாடி, இடது பக்கம், மூணு நூல் தூக்கணும்" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு கீழே குதிப்பார். ஒரு நூல் என்றால் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்தத் துளிக்காக மனிதர் மண்டியிட்டு, சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு, ஏறி வண்டியை அரை அடி நகர்த்தி, குமிழியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, மறுபடி குதித்து... முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை மேஸ்திரியம்மா மடக்கு நாற்காலியில், மடியில் டீப் பாத்திரத்தோடு, ரயிலுக்குக் காத்திருப்பவர்போல வெளியே உட்கார்ந்திருப்பார். குமிழி நடுவுக்கு வராமல் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவர் யார் என்று கேட்கவேண்டியதில்லை.

முப்பத்தைந்து வருஷம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்தவர். "அடுத்தவனுக்குக் கட்டிக் குடுத்தது நூத்திப் பதினேழு வீடு. நமக்கு ஒண்ணு போதும். அதுக்கும் சக்கரம் இருந்தா நமக்குப் பிடிக்காத ஊர்ல பிரேக் போட வேண்டியதே இல்ல பாருங்க" என்பார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஒரு ரொட்டிக் கம்பெனி கழித்துப்போட்ட வேனை வாங்கி, உள்ளே தானே பலகை அடித்து, பெயின்ட் பூசி, மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பி எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் வெயில் ஏறினால் வேனின் தகரச் சுவரிலிருந்து லேசாக ரொட்டி வாசனை வரும். காலையில் சாப்பிட்டவருக்கே மறுபடி பசி எடுக்கும்.

அவர்களைப்போல வண்டியே வீடாகத் திரிகிறவர்கள் தங்குவதற்கென்று அங்கங்கே மைதானங்கள் உண்டு. ஒரு குழாய், ஒரு கழிவறை, துணி காயப்போடக் கொடி. அந்த வட்டாரம் முழுக்க அவருக்கு 'மட்டம்' என்றே பெயர். "மட்டம் வந்தாச்சா?" என்று கேட்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான். தன் வண்டியை மட்டம் பார்த்து முடித்ததும் மனிதர் சும்மா இருந்தால் பரவாயில்லை. பக்கத்து வண்டிக் கதவைத் தட்டுவார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீடு மூக்கு முட்டக் குடிச்ச மாதிரி ஒரு பக்கமா நிக்குது. ரெண்டு பலகை தரட்டா?" உதவத்தான் போகிறார், பாவம். ஆனால் இவர் மட்டம் பார்க்கப் போனால், எதிராளிக்குத் தன்னை மட்டம் தட்டுவதாகத் தோன்றும். பாதிப் பேர் கதவையே திறக்கமாட்டார்கள்.

வேனுக்குள் குடித்தனம் நடத்துவது தனி வித்தை. ஒருவர் நின்றால் ஒருவர் உட்கார்ந்தாகவேண்டும். இருவரும் நிற்கவேண்டுமென்றால் ஒருவர் மழையில் நிற்கவேண்டும். படுக்கையை மடக்கினால்தான் மேசை வரும், மேசை வந்தால்தான் டீ வரும். அதனால் சோம்பல் முறித்துக்கொண்டே படுக்கையில் டீ குடிக்கிற சுகமெல்லாம் அங்கே கிடையாது. குளியலுக்கு ஆளுக்கு ஆறு குவளைத் தண்ணீர். மேஸ்திரி ஐந்தில் முடித்துவிட்டு, ஆறாவதை ஏதோ சொத்து எழுதிவைப்பதுபோல மனைவிக்கு விட்டுக்கொடுப்பார். பெட்டிபோல இருக்கிற கழிவறைத் தொட்டியைத் தினமும் விடிந்ததும் தூக்கிப் போய்க் காலி செய்வது அவர் வேலை. சட்டையைச் செருகிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, அந்தப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, "நான் ஆபீஸ் கிளம்பறேன்" என்பார். எட்டு மாதமாக அதே நகைச்சுவை. மேஸ்திரியம்மாவும் எட்டு மாதமாக, "சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க" என்று அதே பதிலைச் சொல்லிவந்தார்.

போன வெள்ளிக்கிழமை காலையில் அந்தப் பதில் வரவில்லை.

விஷயம் முந்தின நாளே ஆரம்பித்துவிட்டது. புதிதாக வந்த மைதானத்தில், கழிவறைக் கட்டடத்துக்குப் பின்னால் யாரோ ஒரு சிமென்ட் தளம் போட்டுவைத்திருந்தார்கள். மேஸ்திரி வேனை அதன்மேல் ஏற்றி ரசமட்டத்தை வைத்தார். குமிழி நேராக நடுவில் வந்து நின்றது. ஒரு பலகைகூட வேண்டாம். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓடியா, வந்து பாரு! நூல் பிடிச்ச மாதிரி! நம்ம ஆளு எவனோ போட்ட தளம்!" மேஸ்திரியம்மா வந்தார். குமிழியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் கழிவறையின் பின்சுவரைப் பார்த்தார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேனின் கூரையில் சாமான் கட்டுவதற்காகச் சுற்றிலும் விளிம்பு உண்டு. ஓட்டை ஒடிசல் இருக்கக் கூடாதென்று அதற்கு முந்தின வாரம்தான் அந்த விளிம்பை எல்லாம் பூசி அடைத்தவர் மேஸ்திரியேதான். கூரை அசல் மட்டத்தில் நிற்கிறது. தண்ணீருக்குப் போக வழியில்லை. ஒரு மணி நேரம் மேலே குளம் கட்டி நின்றுவிட்டு, நடுவில் இருந்த காற்றுத் துவாரம் வழியாகக் குடம் கவிழ்த்ததுபோல இறங்கியது. துவாரத்துக்கு நேர் கீழே மேஸ்திரியம்மா கண்ணயர்ந்திருந்தார்.

தலையணையைப் பிழிந்துகொண்டே அந்தம்மா நிதானமாகக் கேட்டார்: "ஏங்க, நீங்க கட்டின மொட்டைமாடி எதுலயாவது இப்படித் தண்ணி நின்னுருக்கா?"

"என் மாடியிலயா?" மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாட்டம் வெக்காம எவனாவது தளம் போடுவானா? ஒரு அடிக்கு ஒரு நூலாவது வாட்டம் குடுத்தாத்தானே தண்ணி வடி..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். தண்ணீர் வழிந்தோட வைக்கிற சரிவுதான் வாட்டம். வாட்டம் வைக்காத கொத்தனார்களைச் சாரத்திலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக் கூரையில் அதைக் கோட்டைவிட்டிருந்தார். ஐயோ, முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்!

அந்தம்மா திட்டியிருந்தால் வழக்கம்போல முடிந்துபோயிருக்கும். திட்டவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய் மகளுக்குப் போன் செய்தார். வெளியே என்றால் தகரத்துக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் உள்ளே கேட்டது. "ஞாயித்துக்கிழமை வந்து என்னைக் கூட்டிட்டுப் போ... இல்லடி, சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பா நல்லாத்தான் இருக்கார். நான் வந்துடறேன், அவ்வளவுதான்."

முப்பத்தொரு வருஷக் குடித்தனம். அந்த அம்மாள் இல்லாவிட்டால் அது வேன் இல்லை, வெறும் தகர டப்பா. இவர் நிற்கும்போது உட்கார ஓர் ஆள் வேண்டாமா? இது அவருக்கு நன்றாகவே தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் வராது.

சொல்ல வராதவர்கள் என்ன செய்வார்கள்? வேலை செய்வார்கள். வெள்ளிக்கிழமை முழுக்கக் கூரைமேல் இருந்தார். தான் பூசியதைத் தானே சுரண்டி எடுத்தார். முன்சக்கரங்களுக்கு அடியில் பலகை போட்டுத் தூக்கி, அடிக்கு ஒரு நூல் வாட்டம் கொடுத்தார். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, அது வழிந்து வருகிற அழகைக் காட்டக் கூப்பிட்டார். மேஸ்திரியம்மா பார்த்துவிட்டு, "சரி" என்றார். வெறும் சரி. கல்யாணமாகிக் கொஞ்ச நாள் ஆன எவருக்கும் அந்த 'சரி' எவ்வளவு பொல்லாதது என்று தெரியும்.

சனிக்கிழமை காலையில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார். "உனக்கு என்னதான் வேணும்? மொத நாள் நீதானே தலை சுத்துதுன்னு சொன்னே? அதுக்காகத்தானே நான் இந்தப் பாடு படறேன்?"

மேஸ்திரியம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "எதுக்காக?"

"நீ தலை சுத்துதுன்னு சொன்னே. வண்டி சாஞ்சு நின்னா உனக்கு ஆகாதேன்னுதான்..."

"அட கடவுளே! அன்னிக்கு முழுக்க வண்டியில வந்த சுத்தல்ங்க அது. மறுநாளே போயிடுச்சு. அதுக்கா எட்டு மாசமா மண்ணுல உருண்டுக்கிட்டு இருக்கீங்க?" சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது, கோபம் முந்திக்கொண்டது. "வர்ற வழியில ஏரி இருக்கும், மரம் இருக்கும், நாலு மனுஷங்க உக்காந்து பேசிக்கிட்டு இருப்பாங்க. அங்கெல்லாம் மேடு பள்ளம்னு தாண்டிப் போயிடுவீங்க. கொண்டுபோய் வெக்கறது எங்க? ஒரு ஊர்ல குப்பைத்தொட்டி, ஒரு ஊர்ல ஜெனரேட்டர், இங்க கக்கூஸ். மட்டமான இடம், மட்டமான இடம்னு தேடித் தேடி, இருக்கறதுலயே மட்டமான இடத்துலதான் எட்டு மாசமா என்னைக் குடிவெச்சிருக்கீங்க!"

மேஸ்திரி அசந்துபோனார். முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லிவந்த சொல்லுக்கு இப்படி ஓர் அர்த்தமும் இருப்பது அவருக்கு அதுவரை உறைக்கவே இல்லை. தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, அந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக, "நீயே ஒரு இடம் சொல்லு" என்றார்.

அந்தம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். அவசரப்படவில்லை. கடைசியில் காலால் தட்டிக் காட்டிய இடம், ஏரியைப் பார்த்த ஒரு புல் சரிவு. பக்கத்தில் கொடி, துணி உலர்த்த வருகிறவர்களின் பேச்சு. மேஸ்திரியின் கண் தானாகவே அந்தச் சரிவை அளந்தது. நூல் கணக்கெல்லாம் அங்கே எடுபடாது, அடிக் கணக்குதான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வேனைக் கொண்டுபோய் நிறுத்தினார். ஒரு பலகையும் போடவில்லை. கை பரபரவென்று வந்தது. சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அன்றைக்கு டீ, டம்ளரில் ஒரு பக்கம் ஏறி நின்றது. மேசைமேல் வைத்த முட்டைகள் உருண்டு வந்தபடியே இருந்தன. மேஸ்திரி பிடித்துப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டார். கதவோரம் உட்கார்ந்த மேஸ்திரியம்மா, துணி உலர்த்த வந்த ஒரு தையற்காரம்மாவோடு பேச ஆரம்பித்து விளக்கு வைக்கிற வரைக்கும் பேசினார். சிரிப்புச் சத்தம் உள்ளே வந்தது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அந்தம்மா மூச்சு விடவில்லை. கேட்க இவருக்குத் தைரியமும் இல்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு மகள் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் மேலாளர். எதையும் உற்றுப் பார்த்துத்தான் பேசுவாள். "என்னப்பா, வீடு இப்படிச் சாஞ்சிருக்கு?"

"அம்மா பாத்த இடம்" என்றார் மேஸ்திரி.

மகள் அப்பாவை ஒரு மாதிரி பார்த்தாள். டீ குடித்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு, "அப்ப கிளம்பலாமாம்மா?" என்பதில் வந்து நின்றது. மேஸ்திரியம்மா எழுந்து புடவையை உதறிக்கொண்டார். பையைத் தூக்கிப் போய்க் காரின் டிக்கியில் வைத்தவர் மேஸ்திரிதான். சாயாமல், நகராமல், செங்கல் வைக்கிற நேர்த்தியோடு வைத்தார். சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. வெளியே வந்ததென்னவோ, "மாத்திரை எடுத்துக்கிட்டியா?" என்பது மட்டும்தான்.

"ம்" என்று அந்தம்மா ஏறி உட்கார்ந்தார்.

மகள் காரைக் கிளப்பினாள். வியாழக்கிழமை மழையைக் குடித்து இன்னும் காயாத புல். பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றியது, வழுக்கியது, மேஸ்திரியின் முகத்திலும் சட்டையிலும் சேற்றை வாரி இறைத்துவிட்டு அப்படியே புதைந்தது. மகள் இன்னும் அழுத்தினாள். இன்னும் புதைந்தது. மேஸ்திரி பலகைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

கார்க் கதவு திறந்தது. மேஸ்திரியம்மா இறங்கிவிட்டார்.

"ஏய், அழுத்தாதே! குழி தோண்டிட்டு இருக்கே! ஏங்க, நீங்க அந்தப் பலகையை வெச்சுட்டு ஓரமா நில்லுங்க. ஈரப் புல்லுல பலகை வழுக்கும். போன மாசம் ஆத்தங்கரையில வழுக்கலையா? ஏண்டி, மொதல்ல டிக்கியில இருக்கறதையெல்லாம் இறக்கு. பாரம் குறையட்டும். அப்புறம் உன் காலடியில கெடக்கற கால்மிதியையெல்லாம் எடு."

"அம்மா, அது புதுசும்மா!"

"நீயும் ஒரு காலத்துல புதுசாத்தான் இருந்தே. எடு!"

கொடிப் பக்கம் இருந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மேஸ்திரியம்மா புடவையைச் சொருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, கால்மிதிகளைச் சக்கரத்தின் அடிவயிற்றில் திணித்தார். முழங்கால் வரைக்கும் சேறு. "சக்கரத்தை நேரா வை. ரெண்டாவது கியர். மெதுவா... மெதுவாடி, யாரும் துரத்தலை... விடாதே, அப்படியே வா, வா, வா!" கார் ஒரு முக்கு முக்கியது, பிறகு சிலுப்பிக்கொண்டு மேலேறி, ஜல்லிப் பாதையில் போய் நின்றது. கூட்டம் கைதட்டியது. மேஸ்திரிக்குக் கைதட்ட வரவில்லை. ஈரம் பட்டுவிடக் கூடாதென்று அவர் புல்லிலிருந்து மனைவியின் பையை எடுத்து இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "அப்பா, பையைக் குடுங்க. அம்மா, ஏறும்மா. நேரமாச்சு!"

மேஸ்திரியம்மா காரை நோக்கி நடந்தார். மேஸ்திரியும் பையோடு பின்னாலேயே நடந்தார். கார் அருகில் போனதும் அந்தம்மா திரும்பி, முகமெல்லாம் சேறாக, பையைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு நிற்கிற தன் புருஷனை மேலும் கீழும் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் உதடு கோணியது. பிறகு ஏறாமல், நின்ற இடத்திலிருந்தே சேறு அப்பிய உள்ளங்கையால் காரின் முதுகில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

"போலாம், ரைட்!"