காக்பிட் கவர் பறந்த ஞாயிறு

டீக்கடையில் காரை நிறுத்தி இறங்கி, "ஒரு டீ" என்றேன். குரலே வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். அப்போதுதான் உறைத்தது... வெள்ளிக்கிழமை சாயங்காலம் காலேஜிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இன்றைக்கு ஞாயிறு.

டீக்கடைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அப்படித்தான். கூரையில் என் கயாக் இருந்தது. ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற ஒல்லியான பிளாஸ்டிக் படகு. திருக்கோகர்ணத்தில் எங்கள் தெரு ஆட்டோக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'ராக்கெட்'.

கடை ரோட்டைவிட மேட்டில் இருந்தது. அங்கிருந்து அவருக்குப் படகின் மேல்புறமும் தெரிந்தது.

"மேடம், நடுவுல ஓட்டையா இருக்கே... அது அப்படித்தானா?"

திரும்பிப் பார்த்தேன். காக்பிட் கவரைக் காணோம்!

படகில் நாம் உட்காரும் குழிதான் காக்பிட். காரில் கொண்டுபோகும்போது அதை மூடி வைக்க ஒரு கவர் உண்டு. ஷவர் கேப் மாதிரி, ஓரத்தில் எலாஸ்டிக் வைத்தது. மழைத் தண்ணீர், இலை, தூசி, பூச்சி எதுவும் உள்ளே போகாது.

அதன் அருமை எனக்குத் தெரியும். ஒரு தடவை கவர் போடாமல் கிளம்பி, அரிமளத்தில் நல்ல மழையில் மாட்டினோம். அறந்தாங்கி ஸ்பீடு பிரேக்கரில் பிரேக் போட்டேன். படகுக்குள் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் தடதடவென்று முன் கண்ணாடியில் கொட்டியது. பக்கத்து சீட்டில் இருந்த என் அக்கா அலறினாள்: "கடலுக்கே போக வேணாம்டி, கடலே வந்துருச்சு!"

அக்கா தண்ணீரில் இறங்க மாட்டாள். மணமேல்குடிக் கடற்கரையில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பாள். கிளம்பும்போது மட்டும் காரைச் சுற்றி வந்து, "கவரைக் கட்டிட்டியா?" என்று கேட்பாள். கவரின் ஓரத்தில் ஒரு சின்ன நாடா இருக்கிறது. அதைப் படகின் கைப்பிடியில் முடிச்சுப் போட வேண்டும். எலாஸ்டிக் கழன்றாலும் கவர் பறக்காது.

இரண்டு வருடம் முன்பு, மகளுக்குக் குழந்தை பிறந்ததும் அக்கா கோயமுத்தூர் போய்விட்டாள். அதன் பிறகு கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாததால் நானும் கட்டுவதில்லை. தனியாக இருக்கும்போது நாம் எத்தனை காரியங்களை இப்படி அரைகுறையாகச் செய்கிறோம்? தட்டு எடுக்காமல் சட்டியிலேயே சாப்பிடுவதில்லையா...

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, கவரைத் தேடி வந்த வழியே திரும்பினேன்.

ஆறேழு கிலோமீட்டர் வந்திருப்பேன். ரோட்டோரம் கூட்டம். ஒரு பைக் மண்ணில் சாய்ந்து கிடந்தது. புளியமரத்தடியில் ஒரு பெண் இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்றவர் கையில்... என் கவர்.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நொடி, நிறுத்தாமல் போய்விடலாமா என்று தோன்றியது. தலைக்கு மேல் படகை வைத்துக்கொண்டு எங்கே ஒளிவது?

இறங்கிப் போய், "என்னோடதுதாங்க" என்றேன்.

"நல்லா இருக்குங்க," என்றார் அவர். பெயர் ராசு. வைக்கோல் லோடு வண்டி ஓட்டுகிறவர். அந்தப் பெண் அவர் மனைவி கலைச்செல்வி. "பறந்து வந்து மூஞ்சியில அப்பிக்கிருச்சு. ரோடு தெரியல, ஒண்ணும் தெரியல. பின்னாடி பஸ் எதுவும் வந்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார்.

கலைச்செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட ஆரும் வரலயா ஒங்களுக்கு?"

"இல்லம்மா. நான் மட்டுந்தான்."

"பின்னாடி பாக்க ஒரு ஆளு வேணாமா..." என்றவள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவளைக் காரில் ஏற்றினேன். ராசு பைக்கில் பின்னால் வந்தார். அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு, "கூட வந்திருக்கது யாரு?" என்றார்.

"நான்தாங்க."

"என்ன உறவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கலைச்செல்வி சொன்னாள்: "இவங்கதாங்க என்னயக் கீழ தள்ளிவிட்டவங்க!"

நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கலைச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கை வலித்தது. வலித்ததில் கண்ணீர். எனக்கும் கண்ணீர்தான், வேறு காரணத்துக்கு.

மணிக்கட்டில் லேசான விரிசல். நாலு வாரம் கட்டு. டாக்டர் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். ஒரு கல்யாண வீட்டுக்கு ஜாக்கெட்டுகள் தைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருந்தாளாம். "மிஷின்ல ஓட்டுறத எங்க நாத்தனா பாத்துக்கிருவா. கொக்கி, ஹெம்மிங்குக்குத்தான் ஆளில்ல" என்றாள்.

"கொக்கி எனக்கு வைக்கத் தெரியும்" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வாய்?

அடுத்த ஞாயிறு படகை வீட்டிலேயே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். நான் வைத்த முதல் கொக்கியை அவள் பிரிக்கச் சொன்னாள். இரண்டாவதையும். "காலேஜுல பாடம் நடத்துறீங்கங்குறீங்க... ஒரு கொக்கி நேரா வரலயே மேடம்!"

மூன்றாவது தேறியது. அன்றைக்குச் சாப்பாடு அங்கேதான். வாழை இலையில் மீன் குழம்பு. அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும். அவள் நாத்தனார் மிஷின் ஓட்ட, கலைச்செல்வி ஒற்றைக் கையால் அதிகாரம் பண்ண, நான் தலை குனிந்து கொக்கி வைப்பேன். மூன்று பேரும் பேசிக்கொண்டே இருப்போம். திங்கள்கிழமை முதல் வகுப்பில் என் குரல் கணீரென்று இருந்தது.

நாலாவது வாரம் நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ராசுவும் பைக்கில் வந்து சேர்ந்துகொண்டார். கட்டைப் பிரித்தார்கள். விரல்களை மடக்கச் சொன்னார்கள். மடக்கினாள். நீட்டினாள். "நல்லாக் கூடியிருச்சு" என்றார் டாக்டர்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்கு உள்ளே சப்பென்று ஆனது. இன்னும் ஒரு வாரம் கட்டு இருக்கக்கூடாதா... என்று நினைத்துவிட்டேன். நான் உடைத்த கை அது! எவ்வளவு வறண்டு கிடந்தால் ஒரு மனசுக்கு அப்படித் தோன்றும்?

வாசலில் கலைச்செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நீங்க அலைய வேணாம் மேடம். ஒங்களுக்கும் ஆயிரம் சோலி இருக்கும்ல."

"ஆமாம்மா" என்றேன். ஒரு சோலியும் இல்லை.

ராசு மட்டும், "அந்த நாடாவ ஒத்த முடிச்சாப் போடாதீங்க. ரெட்டையாப் போட்டு இழுத்துப் பாருங்க" என்றார். பிறகு இருவரும் பைக்கில் ஏறிப் போனார்கள். ரோடு வளையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு கையாலும் அவரைப் பிடித்திருந்தாள்.

இந்த ஞாயிறு மறுபடி படகோடு கிளம்பினேன். கவரின் ஓரத்தை விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். ராசு சொன்ன முடிச்சைப் போட்டேன். இழுத்தும் பார்த்தேன். காரை நிதானமாக ஓட்டினேன். கடல் தட்டையாக, சத்தமில்லாமல் கிடந்தது. ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டேன். கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தால், பிளாஸ்க்கோடு உட்கார ஆளில்லாத வெறும் மணல். வருத்தம்தான். அது கொக்கி வைத்து மூடிவிடுகிற இடைவெளி இல்லை.

ஆனால் ஊர் திரும்பும் வழியெல்லாம் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பால் வண்டி. டியூஷன் போகும் இரண்டு சைக்கிள். பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டி.

நம்மோடு யாரும் வராமல் இருக்கலாம்... நமக்குப் பின்னால் யாரோ வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்!