டொக்டர் வைத்த வாக்கெடுப்பு

திங்கட்கிழமைக் காலைகளில் டொக்டரின் குசினியில் கோப்பி மணக்கும். கிழக்கு பெர்லினில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அவருடைய சின்னச் சிகிச்சை நிலையத்தில் நாங்கள் மூன்று பேர்தான்: டொக்டர், முப்பது வருடமாக வரவேற்பு மேசையில் இருந்த ஜெர்மன் அம்மா, பிறகு தாதியாகச் சேர்ந்த நான். யன்னலை மாற்றுவதா, சனிக்கிழமை திறப்பதா, எதுவானாலும் அந்தக் குசினியில் வாக்கெடுப்பு நடக்கும். கடைசியாக வேலைக்கு வந்தவர் முதலில் கையை உயர்த்த வேண்டும். டொக்டர் கடைசியில். எனக்கு வியர்த்துப்போகும். யாழ்ப்பாணத்தில் நான் கை தூக்கியதெல்லாம் சோதனைச் சாவடியில்தான், அதுவும் இரண்டு கையையும்.

"முந்திக்கொண்டு வாயைத் திறவாதையும். அவையள் என்ன சொல்லினம் எண்டு பாத்துச் சொல்லும்" என்று என் கணவர் புத்தி சொல்லி அனுப்புவார்.

டொக்டருக்கு அந்த வழக்கம் அமைச்சரவையிலிருந்து வந்தது. கிழக்கு ஜெர்மனியில் சர்வாதிகாரம் சரிந்து மக்களாட்சி காலூன்றும்வரை நாட்டைக் கொண்டுநடத்திய அரசில் அவர் சில மாதம் துணை அமைச்சர். முதல் வாக்கெடுப்பில் ஒரு கைகூட எழவில்லையாம். மேலிடத்தின் கை எழும்பிய பிறகே தங்கள் கையை உயர்த்திப் பழகியவர்கள். எல்லோரும் தலைவரைப் பார்க்க, தலைவர் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்துதான் இளையவர் முதலில் என்று ஆக்கினார்களாம். நாங்கள் சிரிக்கட்டும் என்று கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தாரோ தெரியாது. "வேலையை ஒழுங்காக முடித்து, நேரத்துக்கு எழும்பிப் போவதுதான் எங்கள் அரசின் வேலை" என்று அந்தக் கதையை முடிப்பார். இப்போது நான் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில், தலைமை வைத்தியர் பேசி முடித்ததும் கோயில் மாடு மாதிரித் தலையாட்டுகிறோம். அந்தக் குசினியை நினைத்து ஏங்கிப்போகிறேன்.

ஒரு திங்கட்கிழமை டொக்டர் கோப்பியைத் தொடவில்லை. "நான் வைத்தியம் பார்ப்பதை நிறுத்த வேண்டுமா? வாக்கெடுப்போம்" என்றார்.

அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கி மாதக்கணக்காகியிருந்தது. முந்தின வாரம் ஒரு குழந்தைக்கு ஊசி போட ஏலாமல் என்னிடம் தந்திருந்தார். ஓம் என்றால் என் வேலையும் போய்விடும். வேலை போனால் போகட்டும், இந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வேன்? கணவர் சொன்னபடி மற்றவர்களைப் பார்த்து முடிவெடுக்கவும் வழியில்லை. முதல் ஆள் நான். அந்தக் குழந்தையை நினைத்துக்கொண்டு கையை உயர்த்தினேன்.

வரவேற்பு அம்மா இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக்கொண்டார். "மாட்டேன்" என்று அழுதார்.

ஒன்றுக்கு ஒன்று. டொக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் வலது கையை உயர்த்தினார்.

எண்ணி முடிவைச் சொல்வது என் பொறுப்பு. "இரண்டுக்கு ஒன்று" என்று நான் சொல்லும்வரை அந்தக் கை, நடுங்கியபடியே, இறங்காமல் நின்றது.