முனவ்வராவின் மாங்கா

"மாங்கா எழுதறேன்க்கா" என்று முனவ்வரா முதல்முறை சொன்னபோது, "எழுதறதா? மாங்காயில ஊறுகாய்தான கண்ணு போடுவாங்க!" என்று கேட்டுத் தொலைத்தேன். ஜப்பான்காரர்கள் படக்கதையை அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கென்ன தெரியும்? கோபிசெட்டிபாளையத்தில் பிறந்து, அமெரிக்காவில் ஃப்ரீமான்ட்டில் இருபது வருஷமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறவள் நான். பெயர் தனபாக்கியம். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதே என் உத்தியோகம். பக்கத்து வீட்டு முனவ்வராவையும் அதில் விட்டுவைக்க மாட்டேன்.

முனவ்வராவுக்குக் கீழக்கரை. சென்னையில் கம்பெனி வேலைக்காக ஜப்பானிய மொழி படித்துப் பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணியவள். கணவர் இர்ஃபானோடு இங்கே வந்த பிறகு வேலை பார்க்க அனுமதி கிடைக்கவே நாலு வருஷம் ஆனது. அத்தனை படிப்பும் அடுப்படியில் கிடந்ததைப் பார்த்து எனக்கே வயிறெரியும்.

அவளுடைய மாங்கா பிறந்தது பள்ளிக்கூட வாசலில். மகள் ஆஃபீஃபா கிண்டர்கார்ட்டன் சேர்ந்த புதிதில், "ஐ ஆம் கோயிங்" என்று தினமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போவாள். "போறேன்னு சொல்லக்கூடாதுடா. போயிட்டு வரேன்னு சொல்லு. அப்படிச் சொன்னா திரும்பி வந்தே ஆகணும், யாராலயும் ஸ்டாப் பண்ண முடியாது" என்பாள் முனவ்வரா. அதே வாசலுக்குப் பையனை விட வந்த ஹிசாயோ என்ற ஜப்பானியப் பெண், அது என்ன சொல் என்று கேட்டிருக்கிறாள். அர்த்தம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டாளாம். அவர்களும் வீட்டிலிருந்து கிளம்பும்போது "இத்தேகிமாஸ்" என்பார்கள். போயிட்டு வரேன் என்பதுதான் அதற்கும் அர்த்தம்.

ஹிசாயோ படம் வரைகிறவள். ஜப்பானில் மாயச் சிறுமிக் கதை என்று ஒரு தனி ரகமே உண்டு. சாதாரணப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி மந்திரம் சொல்வாள், சட்டென்று உடை மாறும், சக்தி வரும், கெட்டவர்களை ஒரு கை பார்ப்பாள். இவர்கள் இருவரும் உண்டாக்கிய சிறுமியின் பெயர் கிகுனோ. அவளுக்கு மந்திரமே "போயிட்டு வரேன்"தான். வாசலில் நின்று சொன்னால் கதவு வேறோர் உலகத்துக்குத் திறக்கும். அவள் திரும்பும்வரை அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

டோக்கியோவில் ஒரு மாதப் பத்திரிகை அதைத் தொடராக எடுத்துக்கொண்டது. முனவ்வரா கதை எழுத, ஹிசாயோ வரைய, ஆறு வருஷம் ஓடியது. முதல் வருஷம் கிகுனோவின் பாவாடை முழங்காலுக்கு மேலே பறந்தது. "இதப் போட்டுக்கிட்டு எப்படிங்க சண்டை போடுவா?" என்று முனவ்வரா மல்லுக்கட்டிச் சல்வார் மாட்டிவிட்டாள். வாசகச் சிறுமிகளுக்கு அந்தச் சல்வார் அப்படிப் பிடித்துப்போனது. பிறகு கிகுனோவுக்கு ஒரு தோழி வந்தாள், அப்புறம் அந்தத் தோழியே எதிரியானாள். எனக்கும் பக்கம் பக்கமாகப் படித்துத் தமிழில் சொல்வாள். கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட வேண்டிய புத்தகம் அது. எனக்குக் கை பழகவே இல்லை. சின்ன வயதிலேயே அதே மாதிரி வலமிருந்து புரட்டிக் குர்ஆன் ஓதியவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

போன வருஷம்தான் வினை வந்தது. கதையை முடிக்கும் நேரத்தில் பத்திரிகை ஆசிரியர், கிகுனோ திரும்பி வரக்கூடாது என்றார். உலகத்தைக் காப்பாற்றி அங்கேயே மாய்ந்துபோகட்டும், வாசகர்கள் காலத்துக்கும் மறக்க மாட்டார்கள் என்றார். முனவ்வரா முடியவே முடியாது என்றாள். ஹிசாயோ யார் பக்கமும் பேசவில்லை. இரண்டு வாரம் அந்த வீட்டில் சரியாகச் சமையல்கூட இல்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "காயிதத்துல இருக்கற புள்ளதான! செத்தா செத்துட்டுப் போறா. நீ எதுக்கு இப்படிச் சோறு தண்ணி இல்லாம கெடக்கற?" என்று கத்தினேன்.

அப்பாவை அவள் வாப்பா என்பாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "சென்னை ஏர்போர்ட்லக்கா. வழியனுப்ப வாப்பா வந்திருந்தாங்க. கைல குழந்தை, ஃபிளைட்டுக்கு லேட். கேட்ல டிக்கெட் செக் பண்றவர் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டறார். அவசரத்துல, 'சரி வாப்பா, போறேன்'னு சொல்லிட்டேன். 'அப்படிச் சொல்லாதம்மா'ன்னு வாப்பா பின்னாடியிருந்து சொன்னாங்க. காதுல விழுந்துச்சு. திரும்பி நின்னு மாத்திச் சொல்லல. அடுத்த வருஷம் வாப்பா மௌத்தாயிட்டாங்க. இப்பப் போனா விசா ஸ்டாம்பிங் கிடைக்காது, திரும்ப உள்ள வர முடியாதுன்னு லாயர் சொல்லிட்டாரு. கடைசியா முகம் பாக்கக்கூட நான் போகல."

என் வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும். அவள் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் டோக்கியோவோடு வீடியோ கால். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு எழுத்து புரியாது. ஆனால் 'வாப்பா' என்ற சொல் மட்டும் அப்படியே வந்தது. தன் வீட்டிலிருந்து திரையில் சேர்ந்திருந்த ஹிசாயோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.  ஆசிரியர் ஏதோ சொல்லித் தலை குனிந்தார்.

"என்ன சொல்றாரு?"

"வரட்டும்ங்கறார்க்கா. கிகுனோ வரட்டும்."

கடைசி அத்தியாயத்துக்கு, கதவைப் பிடித்தபடி அம்மா நின்று வரவேற்பதாகத்தான் முனவ்வரா எழுதிக் கொடுத்திருந்தாள். ஹிசாயோ வரைந்ததும் நேரே டோக்கியோவுக்கு அனுப்பிவிட்டாள். பத்திரிகை தபாலில் வந்த அன்று முனவ்வரா என் சமையலறையில் நின்றே உறையைக் கிழித்தாள். வேகவேகமாகப் புரட்டியவள் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா இல்லை. கட்டம் போட்ட கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒரு பெரியவர். இவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் வாப்பாவின் போட்டோவை ஹிசாயோ எப்போது அப்படி உற்றுப் பார்த்தாளோ, அதே முகம்.

"என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"வந்துட்டியாம்மான்னு கேக்கறாங்கக்கா."

அவ்வளவுதான், அவளுக்கு அழுகை உடைத்துக்கொண்டது. எனக்கும்தான். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அணைக்க ஆளில்லை. அவள் அந்தப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, "வந்துட்டேன் வாப்பா" என்றாள்.