காற்றின் மேல் போட்ட பழி

நேஸ்தர் பாவ்லவிச் விண்வெளிக்குப் போனதே இல்லை. போகிறவர்களுக்காக, மாஸ்கோவின் ஓரத்திலிருந்த எங்கள் ஆய்வுக்கூடத்து இரும்பு அறைக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடப்பதுதான் அவர் வேலை. அதற்கு முன் டிராலிபஸ் மெக்கானிக். மனைவி பிரிந்துபோன பிறகு, வெளியே இருப்பதைவிட உள்ளே இருப்பதே அவருக்குப் பழகிவிட்டது.

கடைசியாக அவர் நுழைந்தது செவ்வாய்ப் பயண ஒத்திகைக்கு. கோடையில் ஆறு பேரை உள்ளே விட்டுக் கதவை மூடினார்கள். பனிக்காலம் முடிகிறபோதுதான் திறப்பார்கள். மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அகற்றும் கருவி புதியது. மணிமணியான ஒரு பொருள் அடைத்த இரண்டு கலன்கள். ஒன்று வாயுவை உறிஞ்சும்போது மற்றொன்றைச் சூடாக்கி, உறிஞ்சியதை வெளியே தள்ளுவோம். அந்த வாயு கூடினால் தலை வலிக்கும். அதைக் கண்காணித்தவள் ஸோயா. அடுத்த மேசை என்னுடையது.

நவம்பரில் நேஸ்தருக்குத் தலைவலி தொடங்கியது.

உள்ளே இருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தலைவலி என்று டாக்டரிடம் சொன்னால் ஆளை மாற்றுவார்கள். காற்றைக் கவனிக்கும் எங்கள் பிரிவிடம் சொன்னால் கருவியை மாற்றுவோம். அதனால் காலையில் டாக்டர் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார்கள். பிறகு அறைத் தொலைபேசியில் எங்களைக் கூப்பிடுவார்கள். இந்த வயதில் பாதியில் வெளியே வந்தால் அந்தக் கதவு மறுபடி தனக்குத் திறக்காது என்று நேஸ்தருக்குத் தெரியும்.

"ஸோயா கண்ணு, காத்து சரியில்ல. இடது கண்ணுக்குப் பின்னால குத்துது."

"மீட்டர் சரியாத்தான் காட்டுது, நேஸ்தர் பாவ்லவிச்."

"மீட்டருக்குத் தலையா இருக்கு, வலிக்க?"

ஸோயா சிரித்துவிட்டாள். கலன்களை மாற்றச் செய்தாள். அவர் படுக்கைப் பக்கம் காற்று தேங்குகிறதோ என்று அங்கே ஒரு விசிறியும் வைக்கச் சொன்னாள். கொஞ்ச நாள் பேச்சில்லை. பிறகு மறுபடி அழைப்பு.

"மத்த அஞ்சு பேரும் அதே காத்தைத்தானே இழுக்கறாங்க? டாக்டர் காதுல போட்டு வைக்கட்டுமா?" என்றாள் ஸோயா.

"போட்டுப் பாரு! என்னை வெளிய அனுப்பினா நேரா உன் வீட்டுக்கு வந்து உன் சோபாவுலயே படுத்துக்குவேன். எனக்குத் தலை பெருசு, அதான் கூடுதலா புடிச்சு வைக்குது. நீ கருவியைப் பாரும்மா."

அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. பனிக்காலம் முழுக்க அந்தக் கருவியைக் கழற்றினோம், துடைத்தோம், பூட்டினோம். வாயுவின் அளவு இறங்கிக்கொண்டே போனது. வலி இறங்கவில்லை.

மார்ச்சில் கதவு திறந்தது. வரவேற்பு வழக்கப்படி ரொட்டியும் உப்பும் ஏந்தி, பூங்கொத்துகளோடு ஆய்வுக்கூடத்தார் நின்றிருந்தார்கள். நேஸ்தர் யாரிடமும் நிற்காமல், உள்ளே போட்டிருந்த மெல்லிய செருப்போடு முற்றத்துப் பனியில் இறங்கினார். ஸோயா கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள், நானும் போனேன்.

பைன் மரங்களுக்குக் கீழே நின்று ஆழமாக மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றாள் ஸோயா.

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"இங்கயும் ஒரு தடவை மீட்டர் வச்சுப் பாரும்மா," என்றார்.